பேர் சொல்லாததும் பேர் எழுதாததும்

தம்பி, இந்த வண்டி புளியங்குடி பஸ் நிலையத்துக்குள் போகுமா, வெளியிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுமா? உள்ளே போகும் என்கிறீர்கள். நல்லது. கண்டக்டரிடம் கேட்டேன், 'போகும் போகும்' என்றார். ஒருமுறை சொன்னால் அது பதில். இரண்டு முறை சொன்னால், ஆளை விடு என்று பொருள். அதனால்தான் உங்களையும் கேட்டேன்.

காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறேன், உங்கள் மேல் இடிக்கிறது. தெரிகிறது. நிறுத்தப் பார்க்கிறேன், நிற்கமாட்டேன் என்கிறது. மூட்டுவலிக்காரன் கால் இப்படி ஆடக்கூடாது. மற்ற நாட்களில் இதை நீட்டி மடக்கவே முனகுவேன். இன்று அதுபாட்டுக்கு ஆடுகிறது. இவ்வளவு கூத்துக்கும் காரணமே இந்த முழங்கால்தான்.

ஒரு குழந்தை, தம்பி. தவழ ஆரம்பித்திருக்கிற பெண் குழந்தை. நான் செய்த மருந்து ஒன்று அதன் வாய்க்குள் போவதற்கு முன்னால் நான் புளியங்குடி போய்ச் சேர வேண்டும். மருந்து என்று சொல்கிறேன். முழங்காலில் தேய்த்தால் மருந்து. உள்ளே போனால் அதற்கு வேறு பெயர்.

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன். சேத்தூர் தாண்டும்வரை வேறு என்ன செய்வது. பேசாமலிருந்தால் எனக்கு மூச்சு அடைக்கிறது.

என் பெயர் அழகிய நம்பி. ராஜபாளையத்தில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, பள்ளிக்கூடத்து ஆண்டு மலர், எல்லாம் என் கையைத் தாண்டித்தான் வெளியே போகும். ஒரு கண்ணீர் அஞ்சலியில் 'இயற்கை எய்தினார்' என்பதை 'இயற்கை ஏந்தினார்' என்று கோத்துவிட்டார்கள்; நான் பார்க்காவிட்டால் அந்த மனிதர் இன்றைக்கும் எதையோ ஏந்திக்கொண்டு நின்றிருப்பார். அந்தப் பழக்கத்தில்தான் இப்படி அச்சடித்த மாதிரி பேசுகிறேன். என் மனைவி செண்பகவல்லி, 'பந்தியில சாம்பார் கேக்கும்போதாவது மனுசன் மாதிரி கேளுங்க' என்பாள். பழகிய வாய். பயந்தாலும் மாறாது. நான் பயந்திருக்கிறேனா என்று பார்க்க என் பேச்சைக் கேட்காதீர்கள், காலைப் பாருங்கள்.

ஓய்வு பெற்றவனுக்கு ஏதாவது ஒரு பைத்தியம் வேண்டும். எனக்குப் பச்சிலை டிங்சர். டிங்சர் என்றதும் புண்ணுக்குப் போடுகிற பழுப்பு மருந்துதானே ஞாபகம் வருகிறது? எல்லாருக்கும் அப்படித்தான். அது ஒரு வகை. பச்சிலையைக் காயவைத்து, இடித்து, வாயகன்ற ஜாடியில் போட்டு, மூழ்கும் அளவுக்குப் பிராந்தி ஊற்றி, வெயில் படாத இடத்தில் வைத்து, தினம் ஒரு குலுக்குக் குலுக்க வேண்டும். ஊறிச் சாரம் இறங்கியதும் பழைய வேட்டித்துணியில் வடிகட்டி, பழுப்பு நிறப் பாட்டிலில் ஊற்றி மூடிவிட்டால் வருஷக்கணக்கில் கெடாது. துளசி, ஆடாதோடை, நொச்சி, சிறியாநங்கை, எல்லாம் போட்டிருக்கிறேன். பிராந்திக்கு நான்தான் போவேன். முதல் தடவை துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு போனேன். அங்கே விலைப்பலகையில் மூன்று எழுத்துப்பிழை. பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து நான் போனால், 'வாத்தியார் வந்துட்டாரு, பலகையத் திருப்பி வையி' என்பார்கள். துண்டு போட்டும் பயனில்லை.

டிங்சருக்குத் தமிழில் என்ன என்பதில் எனக்கு ஒரு பருவமே போயிற்று. 'சாராயச் சாறு' என்றேன். மருமகன் வந்து போகிற வீட்டில் அந்தச் சொல் கூடாது என்றாள் செண்பகவல்லி. கடைசியில் 'ஊறல்' என்று முடிவு செய்தேன். ஊறுவதால் ஊறல். அருமையான தொழிற்பெயர். டீக்கடையில் நாலு பேர் கேட்க, வீட்டில் ஊறல் போட்டிருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். சாயங்காலமே ஏட்டையா வந்துவிட்டார். கள்ளச்சாராயக்காரர்கள் அந்தச் சொல்லை எனக்கு முன்பே எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்பதை நான் எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. அவர் ஒவ்வொரு பாட்டிலாக முகர்ந்து பார்த்து, இருமலுக்கு ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு, 'சார், நீங்க என்னமும் செய்ங்க. பேர மட்டும் மாத்துங்க' என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு நான் பயந்தேன் என்று நினைத்தேன். அதெல்லாம் பயமே இல்லை.

சேத்தூர் வந்துவிட்டதா? ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறான்? வாழைத்தார் ஏற்றுகிறார்களா. ஏற்றட்டும். நன்றாக ஏற்றட்டும்.

பேர் என்றேனே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. உங்கள் வீட்டில் வசம்பை என்னவென்று சொல்வார்கள்? பார்த்தீர்களா, நீங்களும் 'பேர் சொல்லாதது' என்றுதான் சொல்கிறீர்கள். இந்தப் பக்கம் முழுக்க அப்படித்தான். கடையில் போய், 'அண்ணாச்சி, பேர் சொல்லாதது ஒரு துண்டு குடுங்க' என்பார்கள். அந்தப் பெயரை வாயால் சொன்னால் மருந்து பலிக்காதாம், பிள்ளைக்கு ஆகாதாம். எனக்கு இதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். ஒரு பொருளுக்குப் பெயர் இருப்பதே சொல்வதற்குத்தான். செண்பகவல்லியிடம் எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன், வசம்பு, வசம்பு, வசம்பு, இதோ சொல்லிவிட்டேன், என்ன ஆகிவிட்டது என்று. அவள் காதைப் பொத்திக்கொள்வாள்.

வசம்பிலும் ஒரு டிங்சர் போட்டேன். பிள்ளைகளுக்கு வயிறு உப்பினால் தொப்புளைச் சுற்றி வெளியே தடவ. பிராந்தி கலந்ததைப் பிள்ளை வாயில் விடலாகாது என்பது எனக்குத் தெரியாதா? வெளியே மட்டும். அதன் சீட்டில் சும்மா வசம்பு என்று எழுத மனம் வரவில்லை. பழைய மருந்துப் பாடல்களில் அதற்கு 'உரைப்பான்' என்று ஒரு பெயர் உண்டு. எவ்வளவு கம்பீரம் பாருங்கள். ஊர் அதைப் பேர் சொல்லாதது என்கிறது. நூல் அதை உரைப்பான் என்கிறது. சொல்லவே கூடாததற்குச் 'சொல்பவன்' என்று பெயர். எனக்கு இதில் ஒரு குறும்பான சந்தோஷம். கொட்டை எழுத்தில் உரைப்பான் என்று எழுதி ஒட்டினேன். வீட்டில் அது என்னவென்று எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். கேட்டால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

இன்னொன்று, முழங்காலுக்கு. எட்டிக்கொட்டையில் போட்டேன். மலையடிவாரத்தில் தோப்பு வைத்திருக்கிற நண்பர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். எட்டி தெரியுமல்லவா? காஞ்சிரை என்றும் சொல்வார்கள். தெரியாதா. எட்டிக்காய் என்றாவது கேள்விப்பட்டிருப்பீர்கள், ஆரஞ்சுப் பழம் மாதிரி அழகாகப் பழுத்துத் தொங்கும், காக்காகூடத் தொடாது. அதேதான். வெளிப்பூச்சுக்கு மட்டும் என்று நண்பர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஊறப்போட்டேன், வடிகட்டினேன், பாட்டிலில் அடைத்தேன். சீட்டு ஒட்டவில்லை.

ஏன் ஒட்டவில்லை? அப்படிக் கேளுங்கள். எட்டி என்று எழுதலாம். ஆனால் எட்டி என்பது அந்தக் காலத்தில் பெரிய வணிகர்களுக்கு அரசர் கொடுத்த பட்டம், படிப்பவன் குழம்பக்கூடும். காஞ்சிரை என்று எழுதலாம். ஆனால் காஞ்சிரையா, காஞ்சிரமா? இரண்டும் காதில் விழுந்திருக்கிறது. எது மூலம், எது மரூஉ? தவறான பெயரை ஒட்டுவதைவிட ஒட்டாமலிருப்பது மேல். அது என் தொழில் தர்மம். ஐயம் தீரும்வரை அந்தப் பாட்டில் அலமாரித் தட்டின் கடைசியில், பேர் எழுதாமல், தனியாக நின்றது.

இன்று காலை நான் நூலகத்துக்குப் போயிருந்தேன். எதற்கு என்று நினைக்கிறீர்கள்? அதைப் பார்க்கத்தான். அகராதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, இரண்டும் சரி, ஆனால் காஞ்சிரைக்கு வழக்கு மிகுதி என்று கண்டுபிடித்து, அங்கேயே சீட்டில் எழுதிக்கொண்டேன். இதோ, சட்டைப்பையில் இருக்கிறது பாருங்கள். 'காஞ்சிரை'. அந்த றகரம் ரகரம் எல்லாம் சரிபார்த்தது. பசையும் வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறக்கிறேன், பாட்டிலைக் காணோம்.

செண்பகவல்லி அடுப்படியில் இருந்தாள். ஓரத்தில் ஒரு பாட்டில் இருந்ததே என்றேன். பின்தெரு மாரிச்செல்விக்குக் கொடுத்துவிட்டேன் என்றாள். மாரிச்செல்வி பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்த பெண். இன்றைக்குத்தான் குழந்தையோடு புருஷன் ஊருக்குத் திரும்புகிறாள். புளியங்குடியில் எலுமிச்சை மார்க்கெட்டுக்குப் பின்னால் எங்கேயோ வீடு. பிள்ளைக்கு வயிறு உப்பி உப்பிக்கொள்கிறது, கொஞ்சம் பேர் சொல்லாதது கொடுங்கள் அத்தை என்று கேட்டிருக்கிறாள். இவள் எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

உனக்கு என்ன புத்தி பேதலித்துவிட்டதா என்று கேட்டேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"அலமாரில எல்லா பாட்டிலயும் படிச்சுப் பாத்தேன். துளசி இருக்கு, நொச்சி இருக்கு, உரைப்பான்னு என்னமோ இருக்கு. அந்தப் பேரு எதுலயும் இல்ல. ஒண்ணுல மட்டும் பேரே எழுதாம இருந்தது. சரி, மனுசன் கடைசில திருந்திட்டாரு, சொல்லக்கூடாதத எழுதவும் கூடாதுன்னு மரியாதையா விட்டுவச்சிருக்காருன்னு நெனச்சேன். அவ பேர் சொல்லாதது கேட்டா. நான் பேர் எழுதாததக் குடுத்தேன்."

தம்பி, இதில் தர்க்கப் பிழை எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். நானும் அப்போதிலிருந்து தேடுகிறேன். எல்லாம் அந்த மூடநம்பிக்கையால் வந்தது. வசம்பை வசம்பு என்று கேட்டிருந்தால் இது நடந்திருக்குமா? நடந்திருக்காது. ஆமாம், அலமாரியில் வசம்பு என்று எழுதிய பாட்டில் இல்லைதான். அது வேறு விஷயம்.

அது என்ன பாட்டில் என்று நான் சொன்னதும் செண்பகவல்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வாயைத் திறந்து, 'ஓடுங்க' என்று ஒரு சொல்தான் சொன்னாள்.

பின்தெருவுக்கு ஓடினேன். இந்தக் காலோடு. மாரிச்செல்வி பஸ் ஏறிப் போய்விட்டாள். அவள் அம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்ன சார் இப்படி மூச்சு வாங்குது என்றாள். அந்த முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்வேன்? உங்கள் பேத்திக்கு நான் என்ன கொடுத்து அனுப்பியிருக்கிறேன் என்றா? மருந்துக்கு அளவு சொல்ல மறந்துவிட்டேன், நம்பர் கொடுங்கள் என்றேன். நல்ல மனுஷி. ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தாள். நான் தெருமுனை திரும்புவதற்குள் அவளே மகளுக்குப் போன் போட்டு, சார் அளவு சொல்லக் கூப்பிடுவார், எடு என்று சொல்லியும் வைத்துவிட்டாள்.

கூப்பிட்டேன். எடுத்தாள். பின்னால் பஸ் இரைச்சல், பாட்டு, குழந்தை அழுகிறது. நான் பேர் சொல்வதற்குள் அவளே கேட்டாள்.

"அம்மா சொன்னாங்க சார். எத்தன சொட்டு?"

தம்பி, என் தொண்டையில் ஒரு சொல் வந்து நின்றது. மூன்று எழுத்து. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். அதைச் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். வரவில்லை. மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டிருக்கிற பெண்ணிடம், அந்தப் பிள்ளை அழுகிற சத்தம் கேட்கும்போது, அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது? சொன்னால் பலித்துவிடும் போல இருந்தது. இல்லை, அப்படி நான் நம்புகிறவன் இல்லை. வாய் வரவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பதிலாக மரத்தின் பெயரைச் சொன்னேன்.

"எட்டி" என்றேன்.

"எட்டா சார்?"

"எட்டு இல்லையம்மா. எட்டி. இகர ஈறு. ஈறு."

"ஈறுலயா? சரி சார். எட்டு சொட்டு, ஈறுல தடவணும். பல்லு வேற மொளைக்குது அவளுக்கு. வீட்டுக்குப் போனதும் செஞ்சிருதேன். சார்ஜ் இல்ல சார், வச்சிருதேன்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். வேறு நாளாக இருந்தால் நானே டீக்கடையில் சொல்லிச் சிரித்திருப்பேன். சொல்லின் கடைசியை ஈறு என்பது இலக்கணம். பல் முளைக்கிற இடத்தை ஈறு என்பதும் தமிழ்தான். யாரைக் குற்றம் சொல்வது? ஒரு பாட்டிலைக் கொடுத்து, அளவும் சொல்லி, எங்கே தடவ வேண்டும் என்று இடமும் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், தம்பி. அதுவரை அது வயிற்றுக்கு மேலே தடவுகிற மருந்தாகவாவது இருந்தது.

அதற்குப் பிறகு எத்தனை தரம் அடித்தேனோ. நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தற்போது தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார். ஒரு பிழை இல்லாத வாக்கியம். அதைக் கேட்டுக் கேட்டு என் போனும் அணைந்துவிட்டது. அடுத்த வண்டியில் ஏறினேன். அதுதான் இது. வாழைத்தார் ஏற்றுகிற இது.

என்ன கேட்கிறீர்கள், போலீசுக்கோ ஆம்புலன்சுக்கோ ஏன் சொல்லவில்லை என்றா? எந்த வீடு என்று எனக்குத் தெரியாது. அவள் அம்மாவைக் கேட்டிருக்கலாம். அவளிடம் திரும்பிப் போனால் எதற்கு என்று கேட்பாளே. போலீஸ் என்றால், முதல் கேள்வி என்ன வரும்? பாட்டிலில் என்ன? எங்கே செய்தது? ஏற்கெனவே ஒருமுறை ஊறல் என்று வந்துவிட்டுப் போனவர்கள். அது என் மனசில் வரவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். வந்தது. வந்ததும் தள்ளிவிட்டேன். தள்ளிவிட்டு பஸ் ஏறினேன். பஸ் ஏறின பிறகு அது திரும்ப வந்து, உங்களுக்கும் எனக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறது.

சிவகிரி. இங்கே எவ்வளவு நேரம் நிற்கும்? டிரைவர் இறங்குகிறாரே. டீ குடிக்கவா? ஐயா, ஐயா டிரைவர்... சரி, குடியுங்கள், குடியுங்கள். ஒன்றுமில்லை.

தம்பி, தண்ணீர் இருக்கிறதா? நன்றி.

அந்தக் குழந்தைக்கு வைக்க நான் பெயர்கள் சொல்லிக் கொடுத்தேன். கேட்டுத்தான் வந்தார்கள். யாழினி, நறுமுகை, இளவெயினி, முத்து முத்தாகச் சொன்னேன். தலையைத் தலையை ஆட்டிவிட்டுப் போய், தன்ஷிகா என்று வைத்துவிட்டார்கள். எந்த மொழியிலும் பொருள் கிடையாது, தேடிப் பார்த்துவிட்டேன். அந்தப் பெயரை என் வாயால் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். 'பிள்ளை நன்றாக இருக்கிறதா' என்று கேட்பேன், பெயர் சொல்லமாட்டேன். நேற்று மாரிச்செல்வி எங்கள் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி வாயில் வைத்தது. எல்லாவற்றையும் வாயில் வைக்கும் பருவம். கையில் எது கிடைத்தாலும்.

உங்கள் போனா? கொடுக்கிறீர்களா? நான் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தேன். இந்தாருங்கள் துண்டுத்தாள், நீங்களே அடியுங்கள். அந்த ஏழு ஒன்று மாதிரி இருக்கும், அவள் அம்மாவின் கையெழுத்து அப்படி. ஏழுதான்.

அணைத்து வைத்திருக்கிறதா. ஆமாம், அப்படித்தான் இருக்கும். வீட்டுக்குப் போய் சார்ஜ் போட்டால்தானே. போட்டால், வீட்டுக்குப் போய்விட்டாள் என்று அர்த்தம். போய்விட்டால்... ஐயோ. மணி அடித்தால் நல்லதா, அடிக்காவிட்டால் நல்லதா, அதுகூட எனக்குத் தெரியவில்லை.

டிரைவர் வந்துவிட்டார். கிளம்பிவிட்டது. இன்னும் வாசுதேவநல்லூர், அப்புறம் புளியங்குடி. இன்னொருமுறை அடித்துப் பாருங்கள். தொந்தரவுதான், மன்னிக்கவும்.

என்ன? அடிக்கிறதா? கொடுங்கள். கொடுங்கள். 

அம்மா மாரிச்செல்வி. நான்தான், அழகிய நம்பி. வேறு ஒருவர் போன். நீ வீட்டுக்கு வந்துவிட்டாயா? அந்தப் பாட்டில். அந்தப் பாட்டில், அம்மா. அது வசம்பு இல்லை. விஷம். கேட்கிறதா? விஷம், அம்மா, விஷம். தொடாதே. விஷம். தன்ஷிகா எப்படி இருக்கிறாள்? தன்ஷிகா வாயில் எதுவும் விட்டாயா? தன்ஷிகா... 

...

...

இந்தாருங்கள் தம்பி போன். பிடித்துக்கொள்ளுங்கள், விழுந்துவிடும். வண்டி முழுக்கத் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். கண்டக்டர் ஐயா, ஒன்றுமில்லை, நீங்கள் போங்கள்.

கொடுக்கவில்லை. கொடுக்கவில்லையாம். பின்னால் அது சிரிக்கிற சத்தம் எனக்கே கேட்டது, ஏதோ பாத்திரத்தைத் தட்டுகிறது. நான் அந்தச் சொல்லைச் சொன்னதும் அவள் மெதுவாகச் சொன்னாள், சத்தம் போடவில்லை, திட்டவில்லை, அதுவே பெரிய அடி.

"எட்டு சொட்டு ஈறுல தடவச் சொன்னீங்களே சார். அதத்தான் செய்யப் போனேன். மூடியத் திறந்தா அந்த வாடையே இல்ல. பாட்டிலத் திருப்பித் திருப்பிப் பாத்தேன், ஒரு எழுத்து இல்ல. எனக்குக் கை வரல. பேர் சொல்லக்கூடாதுதான் சார். அதுக்காக, பேரே இல்லாத ஒண்ண எம்புள்ள வாயில வைப்பனா?"

மூடி போட்டுப் பரண்மேல் தூக்கி வைத்துவிட்டாளாம். சாக்கடையில் கொட்டாதே, நான் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றேன். வாங்க சார், வந்து காப்பி குடிச்சிட்டு எடுத்துட்டுப் போங்க என்றாள். காப்பி என்கிறாள், தம்பி. என்னிடம்.

கொஞ்சம் இருங்கள். கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிறேன். பஸ் தூசி.

இதில் ஒன்று கவனித்தீர்களா? நான் சீட்டு ஒட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? காஞ்சிரை என்று அழகாக எழுதி ஒட்டியிருந்தால், ஓகோ, பேர் இருக்கிறது, சார் நல்ல கையெழுத்தில் எழுதியிருக்கிறார், நல்ல மருந்துதான் என்று அவள் எடுத்து... சரி, அதை முழுக்கச் சொல்ல வேண்டாம். நான் ஒட்டாமல் விட்டதால்தான் அவள் சந்தேகப்பட்டாள். ஒருவகையில் பார்த்தால் என் தொழில் தர்மம்தான் பிள்ளையைக் காப்பாற்றியது. அப்படிச் சொல்லலாம் அல்லவா? ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? சும்மா ஒரு வாதத்துக்குச் சொன்னேன்.

கால் இன்னும் ஆடுகிறதே. இனி எதற்கு ஆடுகிறது இது.

வாசுதேவநல்லூர் தாண்டிவிட்டோமா? அப்படியானால் பக்கத்தில் வந்துவிட்டது. போனதும் முதல் வேலை சீட்டை ஒட்டிவிடுவேன். பசை கையோடு இருக்கிறது. இதோ சீட்டு. என்ன, இதில் இருப்பதைப் படித்தால் யாருக்குப் புரியும் என்கிறீர்களா? ஏன், இப்போது உங்களுக்கு... ஆமாம், நான் சொல்வதற்கு முன்னால் உங்களுக்கே தெரியவில்லை. ஒத்துக்கொள்கிறேன். பின்பக்கம் காலியாக இருக்கிறது. பேனா இருக்கிறதா? கொடுங்கள். அந்தச் சொல்லையே எழுதிவிடுகிறேன்.

விஷம் என்று எழுதலாம். அது வடசொல். விடம் என்று தமிழாக்கிக்கொள்வதும் உண்டு, ஆனால் அவசரத்தில் படிப்பவன் வடம் என்று படித்துவிட்டால்? நஞ்சு என்றால் தூய தமிழ். ஆனால் வயலுக்கு நஞ்சை என்று... இருங்கள், இருங்கள், யோசிக்கிறேன், வண்டி குலுங்குகிறது.

என்ன தம்பி, பிடுங்கிக்கொண்டீர்கள். நீங்களே எழுதுகிறீர்களா. எழுதுங்கள். பெரிய எழுத்தாகவே எழுதுகிறீர்கள். பார்க்கிறேன்.

விசம்.

'ச' போட்டிருக்கிறீர்கள், தம்பி.

இல்லை, இல்லை, பேனாவைத் தர வேண்டாம். பிழைதான். இருக்கட்டும். புளியங்குடி வந்து நான் இறங்கும்வரை பேனா உங்கள் பையிலேயே இருக்கட்டும்.